நல்லா தாங்கணும்

சொம்பு நிறையத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு ஓடுகிற காரின் பின்சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் பதினோரு வயதில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது தண்ணீர் சொம்பின் விளிம்புவரை ஏறி வந்து, போகலாமா வேண்டாமா என்று பார்ப்பதுபோல் ஒரு கணம் நின்று, பிறகு என் பாவாடையில் கொட்டும். பித்தளையின் ஜில்லிப்பும், நனைந்த துணி தொடையில் ஒட்டிக்கொள்ளும் எரிச்சலும் இன்றைக்கும் நினைத்தால் வருகிறது. முன்னால் இருந்து நைனா, "எம்மாம் கொட்டுச்சு?" என்று கேட்பார். நான் விரலைச் சொம்புக்குள் விட்டு அளந்து, "ரெண்டு வெரலு" என்பேன். அவர் ஸ்டியரிங்கைக் கையால் ஓங்கிக் குத்துவார்.

அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்றுதான் கூப்பிடுவோம், வெளி ஆட்களையும் அப்படிக் கூப்பிடுவது உண்டு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அதிகாரிக்குக் கார் ஓட்டுவது அவர் வேலை. அதிகாரிக்குப் புது வண்டி வந்ததும் பழைய அம்பாசிடரைக் கம்பெனிக்குப் பின்னால் புங்கமரத்தடியில் ஓரம் கட்டிவிட்டார்கள். இரண்டு வருஷம் அது அங்கேயே கிடந்தது. பின்பக்கம் தொய்ந்து, நாய் குந்தியிருப்பதுபோல் உட்கார்ந்திருக்கும். யாருக்கும் வேண்டாத அந்த வண்டியை ஒருநாள், "நீயே எடுத்துக்கினு போய்யா" என்று நைனாவிடம் சொல்லிவிட்டார்கள். எஞ்சினை அவரே பிரித்துப் பூட்டி ஓட வைத்துவிட்டார். அவரால் முடியாதது பின்சக்கரங்களுக்கு மேலே வில்போல் வளைந்து, அடுக்கடுக்காக இருக்கும் இரும்புப் பட்டைகள். "கமான் பட்டை" என்பார்கள். வண்டியின் குலுக்கலை வாங்கிக்கொள்வது அதுதான். எங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் பட்டைகள் உடைந்திருந்தன.

அந்தச் சமயத்தில்தான் அம்மா குழாயடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பில் கீறல் விழுந்திருந்தது. மூன்று மாதம் படுக்கை, அதற்குப் பிறகும் குலுக்கலே கூடாது, பஸ்ஸில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டாவது மாதத்தில் என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் ஒரே தம்பிக்கு, பெரியபாளையம் அம்மன் கோயிலில் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கம் தாலி கட்டும்போது மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவார். மீதி முடிச்சை மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்பது அதுதான். கூடப் பிறந்தவள் அம்மா ஒருத்திதான். ஒன்றுவிட்ட தங்கை யாரையாவது வைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. மாமாவே ஒரு வாடகைக் காரை அனுப்புகிறேன் என்றார். "ஊட்ல வண்டிய வெச்சிக்கினு வாடகை வண்டியா? ஊரு சிரிக்கும்" என்று நைனா சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸ் வைக்கலாம் என்று யாரோ ஒருவர் சொன்னதற்கு அம்மா, "தாலி முடிய போறேனா, இல்ல தலமாட்டுல வெளக்கு வெக்க போறேனா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள். ஆகவே எல்லாம் அந்த அம்பாசிடரின் பின்பக்கத்தை நம்பி நின்றது.

எளாவூர் செக்போஸ்ட்டுக்கு முன்னால், லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், தேவசகாயம் என்பவர் கமான் பட்டறை வைத்திருந்தார். பட்டையைக் கரி நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வளைத்து, கழிவு ஆயிலில் அமுக்குவார். அப்போது எழும் புகை மூக்கில் ஏறினால் வீடு திரும்பிச் சோறு சாப்பிடும்போதும் அதே வாசனை அடிக்கும். பட்டை உடைந்த வண்டியை அவ்வளவு தூரம் ஓட்டப் பயந்து, கம்பெனி லாரி ஒன்றின் பின்னால் கயிறு கட்டி மெல்ல அங்கே இழுத்துக்கொண்டு போனோம். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் போயிருந்தேன்.

"இன்னா நைனா, இது காரா, கோழிக் கூண்டா?" என்றார் தேவசகாயம். குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "சரி, எப்பிடி வோணும் சொல்லு" என்றார்.

என் நைனா பேசத் தெரியாதவர் அல்ல. ஆனால் பத்து லாரி டிரைவர்கள் பீடி பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில், தன் பெண்டாட்டிக்கு இடுப்பு முடியவில்லை, மெத்தென்று இருக்க வேண்டும் என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். "ஊட்ல ஒரு ஆளு ஏறணும். நல்லா தாங்குறா மாதிரி போட்டுக் குடு" என்றார்.

"எம்மாம் தாங்கணும்?"

"எம்மாம் முடியுமோ அம்மாம் தாங்கணும்."

தேவசகாயம் தலையை ஆட்டிக்கொண்டு, லாரிப் பட்டைகள் குவித்து வைத்திருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்தப் பார்வையைப் பார்த்தேன். கைக்குழந்தையைத் தாங்குவதுபோல, நோயாளியைத் தாங்குவதுபோல என்ற அர்த்தத்தில் நைனா சொன்னார். இருபது வருஷம் லாரிக்கே பட்டை அடித்தவர் காதில் அது பாரம் தாங்குவதாக விழுந்தது. அம்மாவுக்கு இடுப்பு வலி என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. தெரியாத ஆளிடம் வாயைத் திறப்பது என்றால் எனக்கு அப்போதும் நடுங்கும், இப்போதும் நடுங்கும். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நானும் நைனாவும் பஸ் ஏறி எளாவூருக்குப் போனோம். வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது குலுக்கலை அளக்கச் சொம்பு பிடிக்க ஆள் வேண்டும் என்பதற்காக என்னைக் கூட்டிப்போவார். முதல் ஞாயிறு வண்டி விட்ட இடத்திலேயே நின்றது. "லாரி நிக்கிது பாரு, அதுங்கள வுட்டுட்டு உன் வண்டிய எடுத்தா என்ன வெட்டிப் போட்ருவானுங்க. அடுத்த வாரம் வா" என்றார் தேவசகாயம். அடுத்த வாரம் போனால் பின்சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டு, வண்டியைக் கல் அடுக்கி நிறுத்தியிருந்தார். சரி, வேலை நடக்கிறது என்று நைனா சந்தோஷப்பட்டார். சக்கரத்தைக் கழற்றியதோடு சரி, கரி வரவில்லை என்று வேலை நின்றுபோயிருந்தது. திரும்பும் பஸ்ஸில் காலிச் சொம்பைப் பையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, நைனா, "பேஜாரு புடிச்ச ஆளு, பேஜாரு புடிச்ச ஆளு" என்று புதுவாயல் வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வீட்டில் அம்மா, "இன்னாச்சு?" என்று கேட்கமாட்டாள். எங்கள் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

மூன்றாவது ஞாயிறு வண்டி தயாராக இருந்தது. தொய்ந்திருந்த பின்பக்கம் இப்போது ஆகாயத்தைப் பார்த்து ஏறிக்கொண்டு, முன்பக்கம் குனிந்து, குளத்தில் வாத்து தண்ணீர் குடிப்பதுபோல் இருந்தது. நைனாவின் முகம் மாறியதைக் கவனித்தேன். ஆனாலும் ஏறி ஓட்டினார். பஞ்சர் கடைப் பள்ளத்திலேயே அரைச் சொம்பு என் மடியில் காலி. கும்மிடிப்பூண்டி வருவதற்குள் சொம்பும் நானும் இரண்டு முறை சீட்டைவிட்டு எழும்பி விழுந்தோம். புதுவாயலில் எங்கள் வரிசை வீட்டுக்கு முன்னால் நிறுத்தியபோது பக்கத்து வீட்டு ரோஸி அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, வண்டி எல்லாருக்கும் குனிஞ்சி கும்புடு போடுது?" என்று கேட்டாள். நைனா சிரிக்கவில்லை.

மறுநாளே அரை நாள் லீவு போட்டுவிட்டு எளாவூருக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்குப் பொய் சொல்லி நானும் சொம்போடு போனேன்.

"இன்னாய்யா செஞ்சி வெச்சிக்கிற? கல்லு மேல உக்காந்து போறா மாதிரி கீது."

"கூட ரெண்டு லாரிப் பட்டைய அறுத்து ஒவ்வொரு பக்கமும் போட்டுக்கிறேன் நைனா. இனிமே நூறு வருஷத்துக்கு ஒடையாது."

"யாரு கேட்டா ரெண்டு பட்ட?"

"நீதானே தாங்கணும்ன? எம்மாம் முடியுமோ அம்மாம்னு சொன்னியா இல்லியா? பத்து மூட்ட நெல்ல ஏத்து, தாங்குதா இல்லியா பாரு."

நைனா அப்போதுதான் அம்மாவின் இடுப்பைப் பற்றிச் சொன்னார். தேவசகாயம் கையிலிருந்த சம்மட்டியைக் கீழே வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா நைனா?" என்றார். மகளுக்குப் பிரசவம், மதியம் ரயிலில் நெல்லூர் போகிறார், பட்டறை பத்து நாள் மூடியிருக்கும். கல்யாணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. "ஒண்ணு செய்யி, பாரம் ஏத்து. பாரம் ஏறுனா கமான் உக்காரும், அப்பால மெத்துனு போவும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இனி வாடகைக் கார் பிடிக்கலாம் என்றால், முகூர்த்த நாள் என்பதால் எங்கள் பக்கத்தில் இருந்த இரண்டும் வேறு கல்யாணங்களுக்குப் போய்விட்டிருந்தன. நைனா டிக்கியில் மணல் மூட்டை ஏற்றினார். இரண்டு வருஷம் மரத்தடியில் நின்ற வண்டியல்லவா, இரண்டாவது மூட்டை வைத்ததும் துருப்பிடித்த தகரம் பிய்ந்து மூட்டை தரையில் உட்கார்ந்துவிட்டது. மணலுக்கு நடுவே நின்றுகொண்டு நைனா அந்த ஓட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ரோஸி அக்காவைப் பார்த்தார். ரோஸி அக்கா நல்ல கனமான உடம்புக்காரி.

அப்படித்தான் ஆள் சேர்க்கும் யோசனை வந்தது. பின்சீட்டில் ஒரு பக்கம் ரோஸி அக்கா, இன்னொரு பக்கம் நைனாவின் அக்கா குப்பம்மா அத்தை. முன்சீட்டில் நைனாவோடு கம்பெனியில் மூட்டை தூக்கும் இரண்டு பேர். அத்தைக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது.

"ஏண்டா, எங்கள இன்னா நெல்லு மூட்டைன்னு நெனச்சிக்கினியா?"

"மூட்டன்னா டிக்கியில போட்டிருப்பேன்க்கா. ஏறு."

"இத்தினி வருஷமா எளைக்கலன்னு என் ஊட்டுக்காரரு ஏசுவாரு. அவராண்ட வந்து சொல்லுண்ணா, என் ஒடம்பால ஒரு கல்யாணமே நடக்கப் போவுதுன்னு" என்று ரோஸி அக்கா சிரித்துக்கொண்டே ஏறினாள். இரண்டு பேருக்கும் நடுவில், அம்மா உட்கார வேண்டிய இடத்தில், நான் சொம்போடு உட்கார்ந்தேன். வண்டி மெல்ல இறங்கி உட்கார்ந்தது. பெரியபாளையம் போகும் ஆரணி ரோட்டில் ஆற்றுப் பாலம்வரை போய்வந்தோம். பள்ளங்களில் வண்டி ஏறி இறங்கியது எனக்குத் தெரியும், ஆனால் தண்ணீர் வட்டமிட்டதே தவிர ஒரு சொட்டு வெளியே வரவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியதும் நைனா பின்கதவைத் திறந்து, என் கையிலிருந்து சொம்பை வாங்கி, கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் உள்ளே பார்த்தார். ஒரு மாதமாகச் சிரிக்காத மனிதர் சிரித்தார். அந்தத் தண்ணீரை அப்படியே கொண்டுபோய் அம்மாவுக்குக் குடிக்கக் கொடுத்தார்.

கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே நான் பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு தயாராகிவிட்டேன். அம்மாவை நாற்காலியோடு தூக்கிவந்து பின்சீட்டின் நடுவில் உட்கார வைத்தார்கள். அத்தை ஏறினாள், ரோஸி அக்கா ஏறினாள், முன்னால் மூன்று பேர் ஏறினார்கள். நான் கதவுப்பக்கம் நின்றேன். எனக்கு இடமில்லை என்பது அந்த நிமிஷம்வரை எனக்குத் தோன்றவே இல்லை. நான் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் அம்மாவின் இடத்தில். அம்மா ஏறிவிட்டால் அந்த இடம் அம்மாவுடையது.

"மடியில ஒக்காத்தி வெச்சிக்கிறேண்ணா" என்றாள் ரோஸி அக்கா.

"வாணாம். கால் அம்மா மேல படும். முன்னாடி கியரு கீது. அவ எடையே இல்ல, அவள ஏத்தி இன்னா ஆவப்போவுது? மைக்கேலு பஸ்ல இட்டாருவான்" என்றார் நைனா. மைக்கேல் மாமா என்பவர் ரோஸி அக்காவின் வீட்டுக்காரர். அம்மா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அழக்கூட இல்லை. ஒரு மாதம் சொம்பும் நனைந்த பாவாடையுமாக அலைந்தவள் நான், எடை போதவில்லை என்று என்னை இறக்கிவிட்டார்கள். முழுதாகச் சொன்னால் இறக்கிவிடக்கூட இல்லை, ஏற்றவே இல்லை.

முகூர்த்த நாளில் பெரியபாளையம் பஸ் எப்படியிருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். முதல் பஸ் நிற்கவே இல்லை. இரண்டாவதில் மைக்கேல் மாமா படியில் தொங்க, நான் யாரோ ஒருவருடைய பூக்கூடைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு போனேன். ஆரணியில் எதிரே வந்த ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்துக்காகப் பஸ் நின்றுகொண்டே இருந்தது. பெரியபாளையத்தில் இறங்கும்போதே கெட்டி மேளம் காதில் விழுந்தது. எங்கள் கல்யாணமாக இருக்காது, அங்கே ஒரே நேரத்தில் பத்துக் கல்யாணம் நடக்கும் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். நான் போனபோது மஞ்சள் அரிசி தரையெல்லாம் இறைந்து கிடந்தது. காலில் குத்தியது. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். அம்மாவின் விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

கதை அதோடு நல்லபடியாக முடிந்திருக்கும், திரும்பி வர வேண்டும் என்பதை யாராவது நினைத்துப் பார்த்திருந்தால். சாப்பாடு முடிந்ததும் மூட்டை தூக்கும் இரண்டு பேரும் மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். அத்தை மூன்று நாள் கல்யாண வீட்டில் இருந்துவிட்டுத்தான் வருவேன் என்றாள். ரோஸி அக்காவுக்கு அம்மா வீடு பக்கத்துக் கிராமம், இவ்வளவு தூரம் வந்ததே வந்தோம் என்று புருஷனோடு அங்கே கிளம்பிவிட்டாள். கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நைனா கோயில் வாசலில் நின்று, போகிற வருகிற கனமான ஆட்களையெல்லாம், "புதுவாயலு பக்கமா போறீங்க? சும்மா இட்டுக்கினு போறேன் வாங்க" என்று கூப்பிட்டார். ஒரு அம்மாள் கழுத்து நகையைப் புடவையால் மூடிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

கடைசியில் நாங்கள் மூன்று பேர்தான் திரும்பினோம். எனக்குப் பின்சீட்டில் தாராளமாக இடம் இருந்தது. ஊர்ந்துதான் ஓட்டினார். இருந்தாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி எங்களைத் தூக்கிப் போட்டது. அம்மா கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், குலுங்கும்போதெல்லாம் பிடி இறுகும், வளையல் உடைந்துவிடும் போலிருக்கும். ஆற்றுப் பாலம் தாண்டியதும் கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"நான் முடிச்சு போடுறப்போ பாத்தியா?"

கண்ணாடியில் நைனாவின் கண்கள் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

"பாத்தேம்மா" என்றேன்.

அம்மா இன்னொரு ஒன்றரை மாதம் படுத்தாள். தேவசகாயம் நெல்லூரிலிருந்து வந்து அந்தக் கூடுதல் பட்டைகளைக் கழற்றிய பிறகு வண்டி தொட்டில்போல் போனது. ஆனால் அம்மா, செத்தாலும் அதில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், ஏறவும் இல்லை. கழற்றிய பட்டையில் ஒன்றை அவரே அடித்து அரிவாள்மனை செய்து கொடுத்தார். அம்மா இன்றைக்கும் மீன் நறுக்குவது அதில்தான்.

போன வாரம் என்னுடைய பழைய சிறிய காருக்குப் பின்பக்க ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் மாற்றி வாங்கினேன். புதுவாயல் மெக்கானிக், "எப்பிடிக்கா இருக்கணும்?" என்று கேட்டபோது, எவ்வளவு கூச்சமாக இருந்தாலும் பரவாயில்லை என்று, "எங்கம்மாவுக்கு இடுப்பு சரியில்லப்பா, மெத்துனு இருக்கணும்" என்று முழுதாகச் சொன்னேன். 'தாங்கணும்' என்ற வார்த்தையை நான் எந்தப் பட்டறையிலும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துப் பெரியபாளையம் கிளம்பினேன். ரோட்டை அகலப்படுத்தியபோது தேவசகாயத்தின் பட்டறை இருந்த இடம் ரோட்டுக்கு அடியில் போய்விட்டது. ரோஸி அக்கா குடும்பம் ஊரைவிட்டுப் போய் வெகுநாளாகிறது. அம்பாசிடரை நைனாவே தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் உலைக்குக் கொடுத்துவிட்டார், அதற்குப் பிறகு அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியபோது, அம்மா முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன்.

"அம்மா, நீ முடிச்சு போட்டத நான் பாக்கல."

"தெரியும்" என்றாள் அம்மா. "நீ பூவெல்லாம் நசுங்கிப் போய் ஓடியாந்தத நான்தான் பாத்துக்கினு இருந்தேனே."

"பின்ன ஏன் கார்ல அப்பிடி கேட்ட?"

"பாக்கலன்னு சொல்லி நீ அழுவேன்னு நெனச்சேன். நீ அழுதா அந்த சாக்குல உங்க நைனாவ நாலு வார்த்த ஏசலாம்னு இருந்தேன், எனக்கு அப்பிடி வலி. நீ பாத்தேன்னுட்ட. அந்த மனுஷன் தப்பிச்சிட்டாரு."

"இப்ப ஏசேன்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள். வாடகைக் கார் வேண்டாம் என்றதிலிருந்து, இரண்டு பட்டை, மணல் மூட்டை, டிக்கி ஓட்டை, என்னை விட்டுவிட்டுக் கிளம்பியது என்று ஒன்று பாக்கியில்லாமல், பெரியபாளையம் கோபுரம் தெரியும்வரை திட்டிக்கொண்டே வந்தாள். வண்டி ஓரிடத்திலும் குலுங்கவில்லை.